ஃபெண்டராலேயே மிஞ்ச முடியாத பேஸ்

எலெக்ட்ரிக் கிட்டார் பற்றிய எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார். கிட்டார் வாசிக்கிறவங்க கையில் அம்பு வடிவம், நட்சத்திர வடிவம் என்று என்னென்னவோ பார்க்கிறோம். பக்கத்தில் நின்று பேஸ் வாசிக்கிற ஆள் கையில் மட்டும் எப்பப் பார்த்தாலும் அதே ரெண்டு வடிவம்தான் இருக்கு. இவங்களுக்குப் புதுசு எதுவும் பிடிக்காதா? இதுதான் அவர் கேள்வி.

பிடிக்காமல் இல்லை. புதுசு நிறைய வந்தது. அதில் சிலது நிஜமாகவே பழசைவிட நல்லா இருந்தது. இருந்தும் பழசு போகவில்லை. வேடிக்கை என்னன்னா, பழசை ஜெயிக்கணும்னு கடைசிவரை பாடுபட்டவர்களில் ஒருத்தர், அந்தப் பழசைச் செய்த ஆளேதான்.

பேஸ் கிட்டார் எது என்று சட்டென்று பிடிபடாதவர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன். இளையராஜா பாட்டுகளில் பாடுகிறவர் குரலுக்கும் வயலின்களுக்கும் கீழே, தாளத்தோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தனிப் பாட்டு ஓடுமே, அதுதான் பேஸ். தடித்த நாலு கம்பி, கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. நேயர் சொல்கிற ரெண்டு வடிவங்களில் ஒன்று பிரெசிஷன் பேஸ், 1951ல் வந்தது. மற்றது ஜாஸ் பேஸ், 1960. ரெண்டுமே அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில், லியோ ஃபெண்டரின் தொழிற்சாலையில் பிறந்தவை.

அதற்கு முன்னால் பேஸ் என்றால் டபுள் பேஸ்தான். வயலினை ஊதிப் பெரிதாக்கி, ஆள் உயரத்துக்கும் மேலே நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். ஊர் ஊராகப் போய் நடன அரங்குகளில் வாசிக்கிற குழுக்களுக்கு அது பெரிய தலைவலி. கார் கூரையில் கட்டிக்கொண்டு போகணும். கட்டிக்கொண்டு போய் இறக்கினாலும், டிரம்ஸும் ட்ரம்பெட்டும் ஆம்ப்ளிஃபையர் வைத்த கிட்டாரும் சேர்ந்து முழங்குகிற இடத்தில் அது காதில் விழாது. இன்னொரு சிக்கலும் இருந்தது. வீணையில் மெட்டுகள் இருக்குமே, அதுபோல கிட்டாரில் ஃப்ரெட் உண்டு. டபுள் பேஸில் கிடையாது. வயலின் மாதிரி, விரல் சரியான இடத்தில் விழுந்தால்தான் சுருதி. ஒரு கிட்டார்காரரிடம் இன்னிக்கு ஒரு நாள் நீ பேஸ் வாசின்னு சொல்ல முடியாது.

இதற்கு ஒரு வழி கண்ட முதல் ஆள் ஃபெண்டர் இல்லை. சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே, கிட்டார் மாதிரி மடியில் வைத்து வாசிக்கிற, ஃப்ரெட் உள்ள எலெக்ட்ரிக் பேஸ் ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். விலை போகவில்லை. யார் முதலில் என்கிற வழக்கை இன்னைக்கு நான் நடத்தப் போவதில்லை. ஆனால் டட்மார்க்கின் பேஸும் ஒரு நல்ல யோசனைதான். நல்ல யோசனை மட்டும் போதாது என்பதற்கு அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லியோ ஃபெண்டர் 1909ல் பிறந்தவர். படித்தது கணக்கியல். 1938ல் ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆமாங்க, கிட்டார் உலகத்தையே மாற்றியவருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. கடைக்கு வருகிற இசைக்காரர்கள் எதை உடைத்துக்கொண்டு வருகிறார்கள், எதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்தே அவர் வேலை செய்தார். ரிப்பேர்காரர் மூளை அது. எதைச் செய்தாலும் கழற்ற முடிகிற மாதிரிதான் செய்வார்.

அதனால் அவருடைய பேஸில் நெக், அதாவது விரல் ஓடுகிற அந்த நீண்ட கழுத்து, உடலோடு ஒட்டப்படவில்லை. நாலு திருகாணி போட்டு முடுக்கியிருக்கும். கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். ஃப்ரெட் வைத்தார். சுருதி துல்லியமாக விழும் என்பதால்தான் பிரெசிஷன் என்று பெயர். கம்பியின் நீளம் 34 இன்ச். கிட்டாரில் சுமார் 25, டபுள் பேஸில் சுமார் 42. ரொம்பக் குறைத்தால் கம்பி தொளதொளத்து ஒலி மங்கும், கூட்டினால் கை எட்டாது. பல நீளங்களைச் செய்து பார்த்துவிட்டு 34ல் நின்றார். இன்றைக்கு உலகத்தில் விற்கிற பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே 34 இன்ச்தான். யார் செய்தாலும் சரி.

1957ல் அதற்கு இன்றைய முகம் வந்தது. முக்கியமான மாற்றம் பிக்கப்பில். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற காந்தச் சுருளுக்குத்தான் பிக்கப் என்று பெயர். அதை இரண்டாகப் பிளந்து, கீழ் ரெண்டு கம்பிக்கு ஒரு பாதி, மேல் ரெண்டு கம்பிக்கு ஒரு பாதி என்று கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்தார். ரெண்டு சுருளையும் எதிரெதிராக இணைத்ததால் மின்சார ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே ஒரு காந்தம் இருந்தது போய், பக்கத்துக்கு ஒன்றாக ரெண்டு காந்தம் வந்ததால், ஸ்பீக்கரைக் கிழிக்கிற அந்தக் கூர்மையான முதல் அடியும் மட்டுப்பட்டது. வால்யூமுக்கு ஒரு குமிழ், டோனுக்கு ஒரு குமிழ். பேட்டரி கிடையாது. அவ்வளவுதான். இன்றைக்குக் கடையில் வாங்குகிற பிரெசிஷன் பேஸ் அடிப்படையில் இதேதான்.

ஆரம்பத்தில் டபுள் பேஸ்காரர்கள் இதை மதிக்கவில்லை. ஜாஸ் உலகில் இதைத் துணிந்து மேடையேற்றியவர்களில் முக்கியமானவர் மங்க் மான்ட்கமரி, கிட்டார் மேதை வெஸ் மான்ட்கமரியின் அண்ணன். லயனல் ஹாம்ப்டன் குழுவில் 1950களின் தொடக்கத்திலேயே வாசித்தார். கொஞ்ச வருஷத்தில் நிலைமை தலைகீழானது. யார் செய்த எலெக்ட்ரிக் பேஸாக இருந்தாலும் சரி, ஃபெண்டர் பேஸ் என்றே சொன்னார்கள், இசைத்தட்டு உறைகளிலும் அப்படியே அச்சடித்தார்கள். நாம நகல் எடுக்கிறதையெல்லாம் ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.

1960ல் வந்த ஜாஸ் பேஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பிக்கப், கம்பிகள் தொடங்கும் இடத்தில் ஒன்றே முக்கால் இன்ச்சுக்குப் பதில் ஒன்றரை இன்ச் அகலமே உள்ள மெலிந்த நெக், சாய்வான இடுப்பு. ஒலியில் இன்னும் கொஞ்சம் உறுமல் உண்டு. பெயர்தான் ஜாஸ், வாசித்தது எல்லாரும்.

இதுவரை சொன்னதெல்லாம் மரமும் கம்பியும். இது மட்டும் காரணமாக இருந்தால் நல்ல பொருள், அதனால் நிலைத்தது என்று சொல்லி முடித்துவிடலாம். என் கணக்கில் கதை உண்மையில் தொடங்குவது டெட்ராய்ட்டில்.

2648, வெஸ்ட் கிராண்ட் பூலவார்டு. மோட்டவுன் நிறுவனம் ஸ்டுடியோவாக மாற்றிக்கொண்ட ஒரு சாதாரண வீடு. அந்தச் சின்ன ஒலிப்பதிவு அறைக்கு அங்கே வாசித்தவர்கள் வைத்த பட்டப்பெயர் பாம்புக் குழி. ஸ்டீவி வொண்டர், மார்வின் கே, சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ் என்று எல்லாருடைய பாட்டுக்கும் பின்னால் அந்த அறையில் வாசித்தது ஒரே கூட்டம். அதில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன்.

ஜேமர்சன் 1936ல் தெற்கு கரோலினாவில் பிறந்து, பையனாக டெட்ராய்ட் வந்தவர். முதலில் டபுள் பேஸ்காரர். எலெக்ட்ரிக்குக்கு மாறிய பிறகும் டபுள் பேஸில் பழகினபடி ஒற்றை ஆள்காட்டி விரலாலேயே மீட்டினார். அந்த விரலுக்குக் கொக்கி என்று பெயர். அவர் கையில் இருந்தது 1962ம் வருஷத்து பிரெசிஷன் பேஸ். கம்பியை நெக்கிலிருந்து நல்ல உயரத்தில் தூக்கி வைத்திருப்பார், மற்றவர்கள் அழுத்தவே சிரமப்படுவார்களாம். வழவழப்பான ஃபிளாட்வுண்ட் கம்பி. அறுந்தாலொழிய மாற்ற மாட்டார். கம்பியில் படிகிற அழுக்கில்தான் அந்த ஒலியின் ருசி இருக்கிறது என்பது அவர் கட்சி. ஃபெண்டர் தொழிற்சாலையில் பாலத்தின் மேல் ஒரு உலோக மூடி போட்டு, அதற்குள் கம்பியை லேசாக அமுக்குகிற ஃபோம் துண்டு ஒன்றை ஒட்டி அனுப்புவார்கள். பெரும்பாலோர் அதைக் கழற்றி வீசிவிடுவார்கள். ஜேமர்சன் கழற்றவில்லை.

இந்த எல்லாம் சேர்ந்து ஒரு ஒலி. குட்டையான, உருண்டையான, நெஞ்சில் தட்டுகிற ஒலி. ஸ்டுடியோவில் அதை நேராக மிக்ஸிங் மேசைக்கே செருகிப் பதிவு செய்தார்கள். ரேடியோவில், கார் ஸ்பீக்கரில், ஜூக்பாக்ஸில் போன ஒலி அதுதான். 1960களில் அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு பேஸ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று காது பழகிப்போனது. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் கேரல் கே, மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு வாசித்த டக் டன் என்று வேறு வேறு ஊர்களில் வேறு வேறு கைகள். அவர்களிடம் இருந்ததும் பிரெசிஷன்தான்.

இங்கேதான் என் பதில் இருக்கிறது. பேஸ்காரர்கள் விசுவாசமாக இருப்பது அந்த மரத்துண்டுக்கு இல்லை, அதில் ஏற்கெனவே பதிவாகிவிட்ட இசைத்தட்டுகளுக்கு. டபுள் பேஸுக்குப் பின்னால் சில நூறு வருஷ மரபு இருந்தது. எலெக்ட்ரிக் பேஸுக்கு ஒன்றுமே இல்லை. முதல் பதினைந்து வருஷத்தில் யார் எதில் வாசித்தார்களோ அதுவே அளவுகோலாகிவிட்டது. பின்னால் வந்த எதுவும் நல்லா இருக்கா என்று மட்டும் கேட்கப்படவில்லை, பேஸ் மாதிரி இருக்கா என்று கேட்கப்பட்டது. அந்தக் கேள்விக்குப் பழசுதான் ஜெயிக்கும், வேற வழியே இல்லை.

அந்த அளவுகோலைச் செய்த ஆளுக்கு என்ன ஆச்சு என்பதையும் சொல்லியாகணும். மோட்டவுன் தட்டுகளின் உறையில் பல வருஷம் வாசித்தவர்கள் பெயரே கிடையாது. 1971ல் மார்வின் கேயின் வாட்ஸ் கோயிங் ஆன் ஆல்பத்தில்தான் ஜேமர்சன் பெயர் வந்தது. அடுத்த வருஷம் மோட்டவுன் லாஸ் ஏஞ்சலஸுக்குப் பெயர்ந்தது. அவரும் பின்னால் போனார். அங்கே புதுத் தயாரிப்பாளர்களுக்குப் பளபளவென்று ஒலிக்கிற புதுக் கம்பி வேண்டியிருந்தது. அவர் மாறவில்லை, வேலை குறைந்தது, குடி கூடியது. 1983ல் மோட்டவுனின் 25வது ஆண்டு விழா தொலைக்காட்சிக்காகப் பெரிய அளவில் நடந்தது. மேடையில் பாடியவர்களில் பலர் ஜேமர்சனின் பேஸ் மேல் ஏறி நின்று புகழ் பெற்றவர்கள். அவர் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி மாடியில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். அதே வருஷம் ஆகஸ்ட் 2ம் தேதி இறந்துபோனார். வயது 47. இறப்பதற்குச் சில நாள் முன்பு அந்த 1962 பேஸும் திருடு போயிருந்தது.

அதனால் பழைய பேஸ் மேல் இருக்கிற பிடிப்பை வெறும் பழம்பெருமைன்னு யாராவது சொன்னா எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். உறையில் பெயர் இல்லாதவர்களை, அவர்கள் கையில் இருந்த கருவியை வைத்தாவது ஞாபகம் வைத்திருக்கிற வேலை அது.

சரி, லியோவுக்கு வருவோம். 1965ல் உடல்நலம் கெட்டு, நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு உடம்பு தேறிவிட்டது. மனுஷர் சும்மா இருப்பாரா? போட்டித் தொழில் செய்யக்கூடாது என்கிற ஒப்பந்தக் காலம் கழிந்ததும் மியூசிக் மேன் என்ற நிறுவனத்துக்காக 1976ல் ஸ்டிங்ரே பேஸைக் கொண்டுவந்தார். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு மின்சுற்று, பெரிய பிக்கப். 1980ல் ஃபுல்லர்டனிலேயே ஜி அண்ட் எல் தொடங்கினார். தன் வாழ்நாளில் செய்ததில் இங்கே செய்பவைதான் மிகச் சிறந்தவை என்று வெளிப்படையாகவே சொன்னார். 1991ல் இறப்பதற்கு முந்தின நாள்வரை பட்டறைக்குப் போனவர். ஸ்டிங்ரே பெரிய வெற்றி, அதுவே இப்போது ஒரு பழைய உன்னதம் ஆகிவிட்டது. ஜி அண்ட் எல் பேஸை வாசித்தவர்கள் மெச்சுகிறார்கள். ஆனாலும் ஒரு புதுப் பையன் பேஸ் வாங்கக் கடைக்குப் போனால், முதலில் கை போவது 1957லும் 1960லும் லியோ முடித்துவிட்டுப் போன சாமான் மேல்தான். அவர் தன்னுடைய இளைய வயதோடு போட்டி போட்டு, தோற்காமலும் ஜெயிக்காமலும் போய்ச் சேர்ந்தார்.

இன்னும் துணிச்சலான முயற்சி நெட் ஸ்டைன்பெர்கருடையது. மரச்சாமான் வடிவமைப்பாளர், நியூயார்க் புரூக்ளின் ஆள். இசைக் கருவி மரபு எதுவும் தலையில் இல்லாமல், பேஸுக்கு என்னதான் தேவை என்று முதலிலிருந்து யோசித்தார். 1980 வாக்கில் வந்த அவருடைய பேஸுக்குத் தலையே கிடையாது. சின்னப் பெட்டியில் ஒரு குச்சியைச் செருகின மாதிரி இருக்கும். மரம் இல்லை, கார்பன் ஃபைபர் கலந்த பிளாஸ்டிக்.

அது தீர்த்த ஒரு பிரச்சினையைச் சொல்கிறேன். ஃபெண்டர் பேஸ்களில் மிக மெல்லிய கம்பியில், ஐந்தாவது ஏழாவது ஃப்ரெட் பக்கம், சுரம் ஒலித்த வேகத்தில் செத்துப்போகும் ஒரு இடம் உண்டு. பெயரே செத்த இடம். நெக்குக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் சேர்த்து ஒரு சொந்த அதிர்வு உண்டு. வாசிக்கிற சுரம் அதோடு பொருந்திவிட்டால் கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்டைன்பெர்கரின் விறைப்பான நெக்கில் அந்தத் தொல்லை இல்லை. சுருதி நகராது, வெயில் மழைக்கு வளையாது, உடலும் சின்னது. பொறியியலாகப் பார்த்தால் இதுதான் சரியான விடை. 1980களில் எல்லா மேடையிலும் தெரிந்தது. அப்புறம் மெல்ல ஒதுங்கிவிட்டது.

ஏன்? என் ஊகம், ஒவ்வொரு சுரமும் ஒரே மாதிரி, ஒரே நீளத்துக்கு ஒலிப்பது காதுக்கு அவ்வளவு சுகமாக இல்லை. செத்த இடம் குறைதான். ஆனால் பழகின கை அதைச் சுற்றிப் போகக் கற்றுக்கொள்கிறது, வேறு கம்பியில் அதே சுரத்தை எடுக்கிறது, அந்த வழியிலேயே ஒரு நடை பிறக்கிறது. நம்ம தெருவில் எந்த இடத்தில் பள்ளம்னு தெரிஞ்சு வண்டி ஓட்டற மாதிரி.

வெளியே போய்த் திரும்பி வந்தவர்களின் கதைதான் இதில் எனக்குப் பிடித்தது. கனடாவின் ரஷ் குழுவைச் சேர்ந்த கெடி லீ, மிச்சிகனில் கலமசூ ஊரின் அடகுக் கடையில் 200 டாலருக்கு 1972ம் வருஷத்து ஜாஸ் பேஸ் ஒன்றை வாங்கினார். ரிக்கன்பேக்கர், ஸ்டைன்பெர்கர், வால் என்று ஒரு சுற்றுப் போய்விட்டு, 1990களில் அந்த அடகுக் கடை பேஸுக்கே வந்து சேர்ந்தார். வேல்ஸ்காரர் பீனோ பல்லாடினோ 1980களில் ஃப்ரெட் இல்லாத ஸ்டிங்ரேயால் பெயர் வாங்கியவர். கேட்டவுடன் அவர்தான்னு சொல்லிவிடலாம், அப்படி ஒரு ஒலி. 2000ல் டி ஆஞ்சலோவின் வூடூ ஆல்பத்தில் அவர் வாசித்தது பழைய பிரெசிஷன், ஃபிளாட்வுண்ட் கம்பி. தனக்கென்று இருந்த அடையாளத்தை இறக்கி வைத்துவிட்டு ஜேமர்சன் வழியில் போய் நின்றார்.

விசுவாசம் என்றால் கை வைக்காமல் பூஜை பண்ணுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஜேக்கோ பஸ்டோரியஸ் என்ன செய்தார்? 1962 ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளையே பிடுங்கி எறிந்தவர் அவர். பள்ளங்களில் மரப்பொடிக் கலவையை அடைத்து, படகுக்குப் பூசுகிற எபாக்சியை மேலே பூசி, வயலின் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற ஒரு புது பேஸை உண்டாக்கினார். லியோ எதற்காகப் பெருமைப்பட்டு துல்லியம் என்று பெயர் வைத்தாரோ அதையே தூக்கிப் போட்டார். 1976ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் அவர் ஒலிதான் அளவுகோல். ரிப்பேர்காரர் செய்த கருவி என்பதால்தான் இப்படிப் பிரித்து மேய முடிந்தது.

ஐந்து கம்பி பேஸ் பற்றியும் ஒரு வார்த்தை. சிந்தசைசர்கள் இன்னும் கீழே இறங்கி ஒலித்தபோது நாலு கம்பி போதவில்லை. ஐந்தாவது கம்பி வந்தது, நிலைத்தும் விட்டது. ஆனால் அந்த ஐந்து கம்பி பேஸ்களின் உடலை உற்றுப் பாருங்க. பாதிக்கு மேல் ஜாஸ் பேஸின் சாயல்.

இந்தச் சாயல் விஷயம் வழக்காகவும் போனது. பிரெசிஷன் பேஸ் உட்பட மூன்று உடல் வடிவங்களைத் தங்கள் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யணும் என்று ஃபெண்டர் நிறுவனம் விண்ணப்பித்தது. மற்ற தயாரிப்பாளர்கள் கூடி எதிர்த்தார்கள். 2009ல் அமெரிக்க வணிகச் சின்ன மேல்முறையீட்டு வாரியம் ஃபெண்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இத்தனை காலம் இத்தனை பேர் செய்து விற்ற வடிவம், இதைப் பார்த்தவுடன் ஒரு நிறுவனம் மட்டும் யாருக்கும் தோன்றாது என்பதுதான் சாரம். சட்டப்படியே அது எல்லாருக்கும் பொதுவான பேஸ் ஆகிவிட்டது.

இந்த விசுவாசத்தில் எனக்குப் புரியாத பகுதியும் உண்டு. புத்தம் புது பேஸைத் தொழிற்சாலையிலேயே சுரண்டி, பெயின்ட் உரித்து, துருப்பிடிக்க வைத்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நாற்பது வருஷம் வாசித்தால் வருகிற தேய்மானத்தை முன்பணமாக வாங்கிக்கொள்வது மாதிரி. வாங்கறவங்க வாங்கட்டும்.

இந்த எபிசோடைக் கேட்டு முடித்ததும், நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஸ்டீவி வொண்டரின் ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப் கேளுங்கள். 1968ல் வந்த பாட்டு. முதல் தடவை ஸ்டீவியைக் கேளுங்கள், தப்பில்லை. ரெண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு விரல், பழைய கம்பி. அடுத்த எபிசோடில் இந்த பேஸுக்காகவே 1952ல் லியோ செய்து, கடைசியில் கிட்டார்காரர்கள் தட்டிக்கொண்டு போன பாஸ்மேன் ஆம்ப்ளிஃபையரின் கதை.